பெயின்டைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் விற்கும் என்னிடம், வாகனத்தை வாங்கிய பின்னர் யோசனை கேட்டு வருபவர்களே அதிகம். வாங்க முன்னர் வருபவர்கள் குறைவு. சென்ற மாதம் எனது சகோதரியின் மகன் வாங்க முன்னரே வந்தான். கட்டாரில் ஐந்து வருடம் உழைத்துச் சேர்த்த பணம் அவனிடம் இருந்தது.

"மாமா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன்" என்றான்.

அது மஸ்டா எம்.எக்ஸ். 5. கூரையை மடித்து வைக்கக்கூடிய, இரண்டு ஆசனங்கள் கொண்ட இந்தக் கார் 1989இல் அறிமுகமானது. ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. அவன் பார்த்தது 1990ஆம் ஆண்டு மொடல், 1600 சீசீ. எமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்தக் காருக்கும் நல்ல விலைதான் சொல்லியிருந்தார்கள். பெயின்ட் புதிது. ஆனால் 35 வருடப் பழைய எஞ்சினின் நிலை பெயின்டில் தெரியாது.

"அட்வான்ஸ் கொடுக்காதே மகன். காரை ஓர் இரவு எங்கள் வீட்டில் நிறுத்த முடியுமா என்று கேள்" என்றேன். உரிமையாளர் வயதான ஒருவர். மறுக்காமல் கொண்டுவந்து விட்டார். நன்றாக ஆறிய எஞ்சினைத்தான் சோதிக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்துக் காட்டும் எஞ்சினில் பல குறைகள் மறைந்துவிடும். மறுநாள் காலை நாங்கள் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, ஸ்டார்ட் பண்ண முன்னர் பார்க்க வேண்டியவை. ஒயில் அளவைப் பாருங்கள். ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் களிபோல் நிறையப் படிந்திருந்தால், ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கக் கூடும். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறவுங்கள். தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கக் கூடாது. இந்தக் காரில் ரேடியேட்டரின் மேற்பகுதி பிளாஸ்டிக்கினால் ஆனது. அதன் கறுப்பு நிறம் மாறி மண்ணிறமாகி இருந்தால், அது வெடிக்கும் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது, புகை. ஒருவர் ஸ்டார்ட் பண்ண, மற்றவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வந்து மறைந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வந்தால் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கறுப்புப் புகை பெற்றோல் அதிகம் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடான பின்னரும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

மூன்றாவது, சத்தம். இந்த எஞ்சினில் காலையில் 'டிக் டிக்' என்று மேலே கேட்கும் சத்தம் வழக்கமானது. அது வால்வு லிஃப்டர்களின் சத்தம். ஒயில் மாற்றினால் பல தடவை குறைந்துவிடும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. கீழேயிருந்து தட்டுவதுபோல் கனத்த சத்தம் வந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். 1991க்கு முந்திய கார்களில் முன்பக்கக் கிராங்க் புலி ஆடாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அக்காலத்து எஞ்சின்கள் சிலவற்றில் கிராங்க் முனையே தேய்ந்து போவதுண்டு.

நான்காவதுதான் முக்கியமானது. அது கொம்பிரஷன் சோதனை. இதற்குரிய கேஜ் பெரிய விலையில்லை. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். சுடச்சுடப் பிளக்கைக் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். தீப்பொறியும் பெற்றோலும் வராதபடி கொயில், இன்ஜெக்டர் இணைப்புகளை எடுத்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். அக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி, கேஜின் முள் ஏறி நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பற்றரி நிறைந்திருக்க வேண்டும். நான்கு சிலிண்டரையும் இவ்வாறு பார்த்துக் கடதாசியில் எழுதுங்கள்.

எமக்குக் கிடைத்தவை: 170, 165, 168, 118 பி.எஸ்.ஐ. நான்கும் ஒன்றுக்கொன்று கிட்டியதாக இருப்பதே எஞ்சினின் சுகம். நான்காவது மட்டும் விழுந்துவிட்டது. அதற்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் சுற்றினோம். 150க்கு ஏறியது. ஒயில் விட்டதும் ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கெஸ்கட்டாக இருக்கலாம்.

ரிங், பெயரிங், கெஸ்கட் செட், லேத் வேலை, பாஸின் கூலி என்று கணக்கெழுதினேன். மருமகனின் முகம் வாடிவிட்டது. காரையும் வாங்கி எஞ்சினையும் செய்ய அவனுடைய பணம் போதாது.

உரிமையாளரிடம் கடதாசியைக் காட்டினோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நான் வாங்கும்போது இப்படிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை" என்றார். விலையைக் குறைக்கவும் முன்வந்தார். அப்படியும் எமக்குக் கட்டவில்லை. போகும்போது அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "அடுத்து வருபவருக்கும் காட்ட வேண்டுமே" என்றார்.

காரை விட்ட கவலை மருமகனுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் ஐந்து வருட உழைப்பு அவனுடைய கையிலேயே இருக்கிறது. வாங்குபவர் அரை நாள் செலவழித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் குறையைச் சொல்லி விற்க வேண்டும். அந்தப் பெரியவர் செய்தது அதைத்தான். அவருடைய கார் இன்னொரு நாள் நியாயமான விலைக்குப் போகும்.