குட்செட்டிலிருந்து தொடங்குங்கள்: இளம் பொறியியலாளருக்கு ஒரு கடிதம்



நகரத்தின் காபனைக் குறைக்க வேண்டும் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது சென்சாரும் கமராவும் மின்சாரக் காரும்தான். கண்டியில் வேலை தொடங்கும் நீங்கள் அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றிருக்கிறது: ஒரு பஸ்ஸை விட்டு இறங்குகிறவர் அடுத்த பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ எப்படிப் போய்ச் சேருகிறார்?

ஹந்தானையும் உடவத்தகலையும் பஹிரவகந்தையும் சூழ்ந்த பள்ளத்தாக்கு இது. காற்று அடங்கிய காலைகளில் புகை இலகுவில் வெளியேறாது. பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர என்று எந்தப் பக்கத்தால் வந்தாலும் வாகனம் நகரின் நடுவில்தான் வந்து சேரும். 1998 ஜனவரியில் தலதா மாளிகையில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு அதற்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டதால், அந்தச் சுமையும் வாவிக்கரை வீதியில் ஏறியது. 1988 முதல் யுனெஸ்கோ மரபுரிமை நகரம் என்பதால் நினைத்தபடி இடித்து வீதியை அகலமாக்கவும் முடியாது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. நெரிசலில் நின்றபடி எரிவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

பாடசாலை விடும் நேரத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று பாருங்கள். இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக ஒரு தாய் இறங்குவார். அடுத்த பஸ் வேறொரு தரிப்பிடத்தில். நடைபாதையில் பழப்பெட்டிகள், மேலே மழை. நாலைந்து தடவை அப்படி நடந்தவர் பிறகு முச்சக்கர வண்டியை மறிப்பார். கையில் காசு சேர்ந்தால் வீட்டுக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிடும்.

உலக வங்கிக் கடனில் குட்செட் பஸ் நிலையப் பகுதியில் திட்டமிடப்பட்ட பல்வகைப் போக்குவரத்து முனையம் அதனால்தான் முக்கியம். புகையிரத நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கட்டடம் பாதி வேலைதான்; மீதி, பஸ்ஸையும் ரயிலையும் நேரத்தால் இணைப்பது. கண்டிக்கு 1867 இல் வந்த ரயில் 1880 இல் மாத்தளையை எட்டியது. கட்டுகஸ்தோட்டை, வத்தேகம வழியே போகும் அந்தப் பாதை இன்றும் இருக்கிறது. ஓடும் ரயில்கள்தான் குறைவு. பஸ் நேரசூசியையும் ரயில் நேரசூசியையும் ஒரே மேசையில் வைத்துத் தயாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கொலம்பியாவின் மெடயின் நகரில் 2004 இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கேபிள் கார் போட்டபோது, அதைக் கொண்டுபோய் மெட்ரோ நிலையத்திலேயே முடித்தார்கள். அது சுற்றுலாக் காட்சியாக நின்றுவிடாமல் அன்றாடப் பயணமானது அதனால்தான்.

மின்சார பஸ் வேண்டாம் என்பதல்ல. அதை எப்போது சார்ஜ் செய்வது என்பதே கேள்வி. கண்டி மாவட்டத்திலேயே 210 மெகாவாட் விக்டோரியா நீர்மின் நிலையம் இருந்தாலும், நாட்டின் மின்கட்டமைப்பில் நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை விழுந்தபோது, கூரைமேல் சூரிய மின்படலம் வைத்திருந்தவர்களைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு கேட்டார்கள். வெயிலில் கிடைக்கும் மின்சாரம் வீணாகும் நாட்டில், பஸ்களை நண்பகலில் சார்ஜ் செய்யும்படி டிப்போவை வடிவமைப்பதே புத்திசாலித்தனம்.

கொங்கிரீட்டையும் எண்ணுங்கள். உலகக் காபன் வெளியேற்றத்தில் சீமெந்தின் பங்கு சுமார் 7 முதல் 8 வீதம். மேம்பாலமும் சுரங்கப்பாதையும் திறக்கப்படும் நாளிலேயே காபன் கடனோடுதான் திறக்கப்படுகின்றன.

திட்டம் வரையும் முன் மக்களிடம் கேட்டறியும் பழக்கத்துக்குக் கண்டியிலேயே முன்னோடி உண்டு. 1918 இல் இந்த நகரில் பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, 1950களின் பிற்பகுதியில் வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தை வரையும் முன், குடியேறப்போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துத் தேவைகளைக் கேட்டார். வீடுகளைச் சரிவுக்கேற்ப அமைத்தார்.

உங்கள் முதல் திட்ட அறிக்கையில் இரண்டு பத்திகளைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள்: பயணி நடக்க வேண்டிய நிமிடங்கள் எத்தனை, ஊற்றப்படும் கொங்கிரீட் எத்தனை தொன். கையெழுத்திடும் மேலதிகாரி அவற்றை நீக்கச் சொன்னால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள்.