வழியும் வேலியும்

சேலம் நகரின் அம்மாபேட்டை, நெசவாளர் மிகுதியாக வாழும் பகுதியாகும். முற்காலத்தில் அங்குத் தறியடியில் பிறந்த வதந்தி தெருக்கோடியை அடைவதற்குள், அதைக் கூறியவர் யார் என்பதை ஊரார் அறிந்துவிடுவர். பொய்யாயின் அவரையே வினவுவர். இன்றோ கைப்பேசியில் எழுந்த சொல் கண் இமைக்கும் நேரத்தில் கடல் கடக்கின்றது. சொன்னவர் யார் என்பது பலமுறை தெரிவதில்லை.

அச்சொல்லைச் சுமந்து செல்லும் முகநூல், வாட்ஸ்அப் முதலிய நிறுவனங்கள், தாம் வழி மட்டுமே என்றும், வழிச்செல்வோர் செயலுக்குத் தாம் பொறுப்பல்ல என்றும் கூறும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் சில நிபந்தனைகளோடு அவற்றிற்குக் காப்பளிக்கின்றது. எனினும், முகநூல் போன்றவை வெறும் வழிகள் அல்ல. எதை முன்னிறுத்துவது, எதைப் பின்தள்ளுவது என முடிவு செய்வன அவையே. அதனால் வருவாய் ஈட்டுவனவும் அவையே அன்றோ?

2018-ஆம் ஆண்டு இச்சிக்கல் சென்னை உயர் நீதிமன்றத்தை எட்டியது. சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதார் முதலிய அடையாளச் சான்றுகளை இணைத்தல் வேண்டும் எனப் பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய இயலுமா என விசாரணை விரிந்தது. இயலும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. அனுப்புநரும் பெறுநருமன்றிப் பிறர் படிக்க இயலாத மறைமொழியில் செய்திகள் செல்வதால், அம்முறை மக்களின் அந்தரங்கத்தைக் குலைக்கும் என மறுத்தது அந்நிறுவனம்.

2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு புதிய விதிகளை வகுத்தது. 50 லட்சத்திற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட நிறுவனங்கள், முறையீடுகளைக் கேட்க இந்தியாவில் வாழும் அலுவலரை அமர்த்துதல் வேண்டும். பெருங்குற்றங்களில், ஆணையிடப்படின், செய்தியை முதலில் அனுப்பியவரையும் காட்டுதல் வேண்டும். பின்னைய விதியை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

அங்ஙனமாயின், அதிகாரம் முழுவதையும் அரசிடமே ஒப்படைத்துவிடலாமே எனச் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை புதுச்சேரியில் உள்ளது. 2012-ஆம் ஆண்டு, மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி டுவிட்டரில் எழுதிய சிறு குறிப்பிற்காக, அங்கு ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். கருத்துரிமைக்கு முரணானது எனக் கூறி, 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்பிரிவை நீக்கியது.

வேலியில்லாப் பயிரை மாடு மேயும். சில வேளை வேலியே பயிரை மேய்ந்துவிடும். ஆதலின், நிறுவனங்கள் சட்டத்திற்குக் கட்டுப்படுதல் வேண்டும். சட்டத்தைக் கையாளும் அரசு அரசமைப்பிற்குக் கட்டுப்படுதல் வேண்டும். இவ்விரண்டையும் விழிப்புடன் கண்காணித்தல் குடிமக்களின் கடமையாகும்.