கரன்ட் போனால் சோலாரும் நிற்கும்: மாற்று ஏற்பாடுகளில் எது யாருக்கு?

மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், அந்தக் கம்பியில் கரன்ட் நின்றால் தானும் நின்றாக வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2013ஆம் ஆண்டு விதிகள் அதற்குத் தரும் அவகாசம் 2 நொடி. கரன்ட் திரும்பிய பிறகும் வோல்டேஜ் 60 நொடியாவது நிலையாக இருந்தால்தான் மறுபடி இணையலாம். உச்சி வெயிலில் பேனல் காய்ந்துகொண்டிருக்க, வீட்டில் ஃபேன் நின்றுபோவது இதனால்தான்.

காரணம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் அதே பெட்டி, கீழ்ப்பக்கத்திலிருந்து மின்சாரம் ஏறினால் அதை மீண்டும் 11,000 வோல்ட்டாக்கிவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கு அது எமன். பெரும்பாலும் தெருவின் மொத்தச் சுமையைத் தாங்க முடியாமல் இன்வெர்ட்டர் தானே படுத்துவிடும். பேனல் தருவதும் அந்தப் பகுதி இழுப்பதும் ஏறக்குறையச் சமமாகிவிடும் வேளைதான் ஆபத்தானது. அப்போது வோல்டேஜ் சரியாது. மின்வாரியக் கம்பி, அதாவது கிரிட், போனதே இன்வெர்ட்டருக்குத் தெரியாமல் போகலாம். இதற்காகவே பல இன்வெர்ட்டர்கள் அதிர்வெண்ணை ஓயாமல் லேசாகத் தள்ளிப் பார்க்கின்றன. கிரிட் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் அசைந்துகொடுக்காது. இல்லையென்றால் நழுவி ஓடும், உடனே ரிலே திறந்துகொள்ளும்.

ஆகவே மின்தடையின்போதும் வெளிச்சம் வேண்டுமென்றால் தனி ஏற்பாடு தேவை. சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டரோடு, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் யுபிஎஸ்ஸைத் தனி சர்க்யூட்டாக வைத்துக்கொள்வது ஒரு வழி. கிரிட்டே வேண்டாமென்று முழு ஆஃப்-கிரிட்டுக்குப் போவது இன்னொன்று. கம்பி எட்டாத தோட்டத்து வீட்டுக்கு அது பொருந்தும், நகரத்து வீட்டுக்கு நெட் மீட்டர் பயனை இழக்கச் செய்யும். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சேஞ்ச் ஓவர் சுவிட்சில் சோலார் இணைப்பு மின்வாரியப் பக்கமே இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் மாட்டினால் இன்வெர்ட்டர் அதையே கிரிட் என்று எண்ணி மிச்ச மின்சாரத்தை அதற்குள் தள்ளும். யுபிஎஸ்ஸின் அவுட்புட்டைக் காட்டி ஆன்-கிரிட் இன்வெர்ட்டரை ஏமாற்றும் வித்தைக்கும் முடிவு இதுதான். போக வழியில்லாத மின்சாரம் யுபிஎஸ்ஸை எரித்துவிடலாம்.

எஞ்சியிருப்பது, கிரிட்டோடும் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட். இன்று மோகமெல்லாம் இதன் மேல்தான். பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள், வெளிநாட்டிலிருக்கும் மகன் ‘முழு வீடும் ஓடணும்’ என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்பதற்காகவே லட்சக்கணக்கில் செலவழித்து வாங்குகிறார்கள். தேவையை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறக்குறைய 1.5 கிலோவாட் இழுக்கும். 5 யூனிட் லித்தியம் பேட்டரி அதற்கு மூன்று மணி நேரச் சொச்சம்தான் தாங்கும். ஒரு குதிரைத்திறன் போர் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு கரன்ட் கேட்கும், இன்வெர்ட்டர் டிரிப் ஆகும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்பது பேனல் திறனுக்கான கணக்கு; பேட்டரிக்கென்று அதில் தனியாக எதுவும் கிடையாது.

பணத்தைவிடப் பெரிய கவலை வயரிங். கரன்ட் போனதும் ஹைப்ரிட், கிரிட்டிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு பேக்கப் முனையில் மட்டும் மின்சாரம் தருகிறது. துண்டிப்பு முறையாக இருக்க வேண்டுமானால் ஃபேஸோடு நியூட்ரலும் பிரிய வேண்டும். பழைய வீடுகளில் எல்லா அறைக்கும் நியூட்ரல் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். பேக்கப் சர்க்யூட்டின் நியூட்ரலைத் தனியாகப் பிரிக்காமல் அவசரத்தில் மாட்டிவிட்டுப் போனால், மின்கசிவிலிருந்து காக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். சிலர் அந்த ஆர்சிசிபியையே கழற்றிவிடுவதுண்டு, கொடுமை அது. இன்னொன்றும் உண்டு. மின்வாரிய நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரில் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து பிரிந்த பேக்கப் பக்கத்தில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கும் ரிலே இல்லாவிட்டால், ஃப்ரிட்ஜின் உடம்பில் கசிவு வந்தாலும் கரன்ட் திரும்ப வழியில்லாததால் ஆர்சிசிபி விழாமலே இருந்துவிடலாம். விலைப்பட்டியலில் இந்த ரிலேயைப் பற்றிக் கேட்பவர் எத்தனை பேர்?

ஆக்ஸிஜன் கருவியில் நோயாளி இருக்கும் வீடு, சிறு கிளினிக், தினமும் பல மணி நேரம் மின்தடை வரும் ஊர் ஆகியவற்றுக்கு ஹைப்ரிட் நியாயமானது. மாதம் ஒருநாள் பராமரிப்புக்காக நிறுத்தும் ஊரில் நான்கு ஃபேன், விளக்குகள், வைஃபை எல்லாம் சேர்ந்து 300 வாட்தான்; 150 ஏஎச் யுபிஎஸ் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மிச்சப் பொழுதுக்குப் பணம் செலவழிக்க வேண்டுமென்றால் குறைவாக மின்சாரம் இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் வாங்குவது நல்லது. மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அந்த ஒரு பில் காலம் முழுக்க எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் கரன்ட் போனது என்று காலண்டரில் குறித்துவைத்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு இயல்பு வேறு. அதைத் தெரிந்துகொள்ளும் பொறுமை இல்லாமல் வாங்கும் கருவி எவ்வளவு உயர்ந்ததானாலும் வீண்.

லைனின் கடைசி வீடுகளில் கரன்ட் இருக்கும்போதே, மதிய நேரத்தில் வோல்டேஜ் 253ஐத் தாண்டி இன்வெர்ட்டர் அடிக்கடி நிற்பதுண்டு. செட்டிங்கைத் தளர்த்தித் தருகிறேன் என்று சொல்பவரை அனுமதிக்கக் கூடாது. மின்வாரியத்திடம் டிரான்ஸ்ஃபார்மர் டேப்பைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுப்பதே முறை.

எந்த ஏற்பாடானாலும் பொருத்திய அன்றே நல்ல வெயிலில் சோதித்து வாங்க வேண்டும். மீட்டருக்கு அடுத்த மெயினை இறக்கியதும் இன்வெர்ட்டர் திரையில் கிரிட் இல்லை என்று வர வேண்டும். மெயினின் வீட்டுப் பக்க முனைகளில் மல்டிமீட்டர் சுழியத்துக்கு இறங்க வேண்டும். ஹைப்ரிட்டானால் பேக்கப் எரிந்துகொண்டிருக்கும்போதே அந்த முனைகளை மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும், பேக்கப் பிளக்கில் ஆர்சிசிபி சோதனைக் கருவியையும் செருகிப் பார்க்க வேண்டும். மெயினை ஏற்றிய பிறகு இன்வெர்ட்டர் ஒரு நிமிடமாவது காத்திருக்கிறதா என்று கடிகாரத்தில் பார்க்க வேண்டும். பூட்டுப் போடக்கூடிய துண்டிப்பு சுவிட்ச் லைன்மேன் கைக்கு எட்டும் இடத்தில், மீட்டர் பெட்டியருகே ‘இங்கே சோலார் இணைப்பு உண்டு’ என்ற எச்சரிக்கைப் பலகையோடு இருக்க வேண்டும்.