பதினெட்டாம்படிச் சத்தியமும் கணக்கேட்டுக் கையெழுத்தும்

மதுரைக்கு வடக்கே ஏறக்குறைய 21 கிலோமீட்டர் தொலைவில், சோலை செறிந்த மலையடிவாரத்தில் அமைந்தது அழகர்கோவில். ஆங்கே அழகருக்குள்ள பெருமைக்குச் சிறிதும் குறையாத பெருமை, கோபுரவாயிலிற் காவல் பூண்ட பதினெட்டாம்படிக் கருப்பனுக்கும் உண்டு. அடைத்த கதவுகளையே அவனாகக் கருதிச் சந்தனம் சாத்தி வழிபடுவர். கொடுக்கல் வாங்கலில் வழக்கு நேரின், "கருப்பன்முன் சத்தியம் செய்; கேட்டதை விட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் மற்றவரை அழைப்பது இப்பக்கத்து வழக்கம். பொய்ச்சத்தியம் செய்தவன் குடி நில்லாது என்னும் அச்சமே ஆங்கு நீதிபதி.

ஆணையே இடலாகாது என்னும் மலைப்பிரசங்கத்தைக் கேட்டு வளர்ந்த எம்மனோர்க்கு இவ்வழக்கம் உடன்பாடன்று. ஆயினும் இதனை எள்ளி ஒதுக்குதலும் முறையன்று. 1873ஆம் ஆண்டின் இந்தியப் பிரமாணச் சட்டமே இத்தகைய சத்தியத்திற்கு இடந்தந்தது. எதிரி இன்ன முறையிற் பிரமாணஞ் செய்து உரைப்பின் அதற்குக் கட்டுப்படுவேன் என்று வழக்காளர் ஒருவர் நீதிமன்றத்தில் ஒப்பினால், அங்ஙனம் உரைத்த சொல் ஒப்பியவர்க்கு எதிராக முடிந்த சான்றாயிற்று. 1969ஆம் ஆண்டின் சட்டம் வந்தபின் இம்முறை ஒழிந்தது.

இச்சத்தியத்திற்கு இத்துணை வலிமை எங்ஙனம் வந்தது? அச்சம் ஒன்றே காரணமன்று. கடன் கொடுத்தவனும் கொண்டவனும் ஒருவரையொருவர் அறிவர்; ஒரே சந்தைக்குச் செல்வர்; பொய்த்தவன் ஊரார் கண்முன்னேயே வாழ்ந்தாகவேண்டும். கம்பெனி வாணிகத்தில் இஃதில்லை. மேலூரிலிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரொருவர் தம் சேமிப்பைக் கொண்டு தொலைநகர்க் கம்பெனியொன்றின் பங்குகளை வாங்கலாம். அதன் இயக்குநர்களை அவர் கண்டதில்லை, காணப்போவதுமில்லை. அவர் காண்பனவெல்லாம் ஆண்டறிக்கையில் அச்சிட்ட எண்களும், அவற்றின்கீழ் இயக்குநரும் தணிக்கையாளரும் இட்ட கையெழுத்துக்களுமே. அக்கையெழுத்தே அவர்க்குச் சத்தியம்.

முகமறியாதாரை நம்பிப் பணம் வைத்தலின் இடரைச் சென்னை 1906இலேயே கண்டது. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வைப்புப்பணம் இட்டோர் பலர் கதிகலங்கினர். ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். அவ்வீழ்ச்சியின் பின்னரே, 1907இல், இந்தியன் வங்கி தோன்றியது.

ஆயினும் எம் கருத்துக்கு மிக ஏற்ற சான்று, பெயரிலேயே சத்தியத்தைத் தாங்கிய ஐதராபாத்துச் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் ஆகும். 2009ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, இயக்குநர் குழுவிற்கு ஒரு கடிதம் எழுதினார். வங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் ரூ. 5,040 கோடி உண்மையில் இல்லை என்பது அதன் செய்தி. முதலிற் சிறிதாக இருந்த பொய் ஆண்டுதோறும் வளர்ந்ததாம். புலிமேல் ஏறியவன் இறங்க அறியாத நிலையைத் தமக்கு உவமையாகக் கூறினார். அதற்கு முந்திய டிசம்பரில், தம் குடும்பத்தாரோடு தொடர்புடைய 'மேதாஸ்' கம்பெனிகளைச் சத்யத்தின் பணத்தைக்கொண்டு வாங்க முயன்றார். 'மேதாஸ்' என்பது சத்யத்தின் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கி வைத்த பெயர்! இல்லாத பணத்தின் இடத்தில் உள்ள நிலத்தையும் கட்டடத்தையும் வைத்துவிடலாம் என்பது எண்ணம். பங்குதாரர் சினந்தெழவே அம்முயற்சி ஒரு நாளிற் கைவிடப்பெற்றது. பொய் வெளிப்பட்டது அதனாலேயே.

தணிக்கையாளர் என் செய்தனர்? சத்யத்தின் பங்குகள் நியூயார்க்கிலும் விற்கப்பட்டமையின் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமும் இதனை ஆராய்ந்தது. 6,000க்கு மேற்பட்ட பொய் விலைப்பட்டியல்கள் புனையப்பெற்றன என்றும், வங்கியிருப்பை உறுதிசெய்யும் வேலையைத் தணிக்கையாளர் கம்பெனியார் கையிலேயே விட்டுவிட்டனர் என்றும் அது 2011இற் கூறியது. சிலம்பு பயின்றோர்க்கு இது புதிதன்று. இதே மதுரையிற் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஏற்றான். சிலம்பை உடைத்துப் பார்த்திலன். உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ என்று காண ஒரு நொடி போதும். தணிக்கையாளர்க்கும் அவ்வளவே: வங்கிக்குத் தாமே எழுதி, விடையையும் தாமே நேரிற் பெறுதல்.

2015ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐதராபாத்துத் தனி நீதிமன்றம் ராஜு முதலிய பதின்மர்க்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டின்போது அத்தண்டனை நிறுத்திவைக்கப்பெற்றது. இதனிடையே 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், மோசடிக்குப் பத்தாண்டு வரை சிறை வகுத்தது. பெருங்கம்பெனிகளில் ஒரு தணிக்கை நிறுவனம் தொடர்ந்து பத்தாண்டிற்குமேல் இருத்தலாகாது என்றும், ஐந்தாண்டு விலகியிருந்த பின்னரே மீண்டும் வரலாம் என்றும் விதித்தது. சத்யத்தின் கணக்கேட்டிற் பழைய தணிக்கையாளரின் கையெழுத்து 2000 முதல் 2008 வரை மாறவேயில்லை.