கார்ல புதுசா ஒரு சத்தமா? ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் கேளுங்க

பழையசீவரத்துல பாலாத்துப் பாலம் தாண்டி திருமுக்கூடல் பக்கம் கார் ஓட்டியிருக்கீங்களா? சுத்துவட்டாரம் முழுக்க கல்குவாரி, கிரஷர். ஜல்லி ஏத்தின டிப்பர் லாரிகள் ஓடி ஓடி ரோடு எப்படி இருக்கும்னு சொல்லவே வேண்டாம். ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வேலைக்குப் போற நம்ம வாசகர்கள் பலருக்கும் இந்த மாதிரி ரோடுதான் தினசரி. இங்கதான் ஒருநாள் 'டக் டக்'னு ஏதோ கேட்க ஆரம்பிக்கும். நாம பாட்டு வால்யூமைக் கூட்டிட்டுப் போயிடுவோம்!

சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியாம ஒர்க்‌ஷாப்புக்குப் போனா, ஊகத்துல பார்ட்ஸ் மாறும், பில் ஏறும். அதனால முதல்ல ஒரே ஒரு கேள்வி: சத்தம் இன்ஜினோட போகுதா, சக்கரத்தோட போகுதா?

காரை நிறுத்தி, நியூட்ரல்ல வெச்சு ஆக்சிலேட்டர் கொடுங்க. அப்பவும் வந்தா இன்ஜின் பக்கம். நிக்கும்போது இல்லாம ஓடும்போது மட்டும் வந்தா, காலியான நேர் ரோட்டுல கிளட்ச்சை ஒரு நொடி மிதிச்சுப் பாருங்க. இன்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தா அது சக்கரம், பேரிங், டயர் சமாச்சாரம். இந்தச் சோதனைக்குப் பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து காதைக் கொடுத்தா நல்லது. நீங்க ரோட்டைப் பாருங்க.

ஜல்லி ரோட்டுல போய்ட்டு வந்ததும் திடீர்னு 'கர்ர்ர்'னு இரும்பு உரசுற சத்தமா? பயப்படாதீங்க. பல நேரம் பிரேக் டிஸ்க்குக்கும் பின்னாடி இருக்கிற தகட்டுக்கும் நடுவுல சின்ன கல் மாட்டியிருக்கும். மெதுவா கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலே சில சமயம் விழுந்துடும். செலவு பூஜ்யம். வேகத்துக்கு ஏத்த மாதிரி 'டிக் டிக்'னு கேட்டா டயர் பட்டன்ல கல் இருக்கான்னு பாருங்க.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் 'கீச்'சுன்னா கவனம். பல பேட்கள்ல தேய்மானத்தைச் சொல்றதுக்குன்னே ஒரு மெல்லிய தகடு இருக்கும். அது டிஸ்க்ல பட்டுக் கத்துது. மழை பெஞ்ச காலையில முதல் நாலு பிரேக்குக்குக் கேட்டு நின்னுட்டா அது வெறும் துரு. நிக்கலைன்னா பேட் மாத்துங்க. விட்டா பேட்டோட இரும்பு முதுகு டிஸ்க்கையே அரைக்கும். அப்போ பேட் பில்லோட டிஸ்க் பில்லும் சேரும். அதைவிட முக்கியம், வண்டி நிக்க வேண்டிய இடத்துல நிக்காது.

ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது 'கடக் கடக்'னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளியேறி, மண்ணு உள்ள போயிருக்கும். சத்தம் வர்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சா பூட்டும் கிரீஸும் மட்டும்தான். சத்தம் வந்தபிறகு ஜாயின்ட்டே போகும். சர்வீஸ்ல வண்டியைத் தூக்கும்போது நீங்களே குனிஞ்சு பாருங்க.

வேகம் கூடக்கூட 'ஊம்'னு ரீங்காரம் கூடினா வீல் பேரிங். வலது பக்கம் வளையும்போது சத்தம் அதிகமானா, பாரம் ஏறுற இடது பேரிங் மேல சந்தேகப்படலாம். ஸ்பீட் பிரேக்கர்ல மட்டும் 'டொக்'னா பெரும்பாலும் லிங்க் ராடோ, புஷ்ஷோதான். "சஸ்பென்ஷன் மொத்தமா போச்சு சார்"னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க.

இப்போ இன்சூரன்ஸ். தேய்மானத்துக்கு கிளைம் கிடையாது. கல் அடிச்சு ஆயில் சம்ப் ஓட்டையானா அது விபத்துச் சேதம்; தர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா அதுவும் கிடைக்காது. ஆயில் ஒழுகுறது தெரிஞ்சும் ஓட்டி இன்ஜின் ஜாமானா, சாதாரண பாலிசியில அந்தச் செலவு உங்க தலையிலதான். இன்ஜினை அணைச்சு டோ பண்ணுங்க.

ஆனா சின்ன பில்லுக்கு கிளைம் போடறதுக்கு முன்னாடி கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு, ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், உங்களுக்கு 50% நோ கிளைம் போனஸ்னு வெச்சுக்கலாம். கிளைம் போட்டா போனஸ் பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45, 50னு மறுபடி ஏறணும். பிரீமியம் மாறாம இருந்தா இழப்பு 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000! 6,000 ரூபாய் பில்லுக்கு இது தேவையா?

திருமுக்கூடல் பெருமாள் கோயில்ல வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு, 11-ஆம் நூற்றாண்டு. 15 படுக்கை மருத்துவமனைக்கு வைத்தியர், அறுவை சிகிச்சை செய்றவர், மருந்து கொண்டு வர்றவங்கன்னு ஆளுக்கு வருஷம் எவ்வளவு நெல்னு ஒதுக்கி எழுதி வெச்சிருக்காங்க. பராமரிப்புக்கு முன்கூட்டியே ஒதுக்குறது நம்ம ஊருக்குப் புதுசில்ல. சம்பளம் வந்ததும் கார் இ.எம்.ஐ. போற அதே தேதியில ஒரு தொகையை ரெக்கரிங் டெபாசிட்ல போடுங்க. எவ்வளவு? போன வருஷ சர்வீஸ், டயர், ரிப்பேர் பில்களைக் கூட்டி 12-ஆல வகுத்தா வர்றதுதான்.

ஒர்க்‌ஷாப்ல "சத்தம் வருது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. "40-ல, இடது முன்பக்கம், பிரேக் மிதிச்சா வருது"ன்னு சொல்லுங்க. மெக்கானிக்கைப் பக்கத்துல உட்கார வெச்சு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. எஸ்டிமேட் எழுத்துல வாங்குங்க, கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்க. ஒவ்வொரு சத்தமும் எப்படி இருக்கும்னு கேட்கணும்னா நம்ம சேனல் வீடியோவுல இருக்கு. ஹெட்போன் போட்டுக் கேளுங்க.