கள்ளிச் செடி வளர்த்தால் வழக்கு வருமா?

கேள்வி: ஐயா, என் மகனுக்குக் கள்ளிச் செடிகள் என்றால் உயிர். ஆன்லைனில் ‘பெயோட்டி’ என்ற செடியை வாங்கி மாடியில் வளர்க்கிறான். அது போதைச் செடி, கஞ்சா கேஸ் மாதிரி உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். பிடுங்கி எறிந்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், திற்பரப்பு

பதில்: பதற வேண்டாம். முதலில் அது பெயோட்டிதானா என்று பாருங்கள். முள்ளே இருக்காது, நீலம் கலந்த பச்சையில் மண்ணோடு ஒட்டிய உருண்டை, அதன்மேல் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள், அடியில் கேரட் போலத் தடித்த வேர். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், அது பெரும்பாலும் நர்சரிகளில் விற்கும் ஆஸ்ட்ரோஃபைட்டம் என்ற வேறு செடி.

பெயோட்டியே என்றால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் 8ஆம் பிரிவு பெயர் சொல்லி வளர்க்கத் தடை விதிப்பது கஞ்சா, அபினிச் செடி, கோகா ஆகிய மூன்றுக்குத்தான். பெயோட்டியின் பெயர் அட்டவணையிலும் இல்லை. ஆனால், அதிலுள்ள மெஸ்கலின் என்ற போதைப்பொருள் அட்டவணையில் இருக்கிறது. 2025 ஜனவரியில் போதைக் காளான் வழக்கொன்றில் கேரள உயர் நீதிமன்றம், காளான் இயற்கையாக விளைவது, சைலோசைபின் என்ற போதைப்பொருள் கலந்த கலவை அல்ல என்று கூறி ஜாமீன் வழங்கியது. அதே வாதத்தை உங்கள் மகனுக்காகவும் வைக்கலாம். ஆனாலும் அது ஜாமீன் உத்தரவுதான். பெயோட்டியைப் பற்றிய தீர்ப்பு அல்ல. கைதான பிறகு எடுத்து வைக்கிற வாதத்தை நம்பி யாரும் துணிந்துவிடக் கூடாது.

செடியை வெட்டுவது, உலர்த்துவது, சாறு எடுப்பது, தின்பது, விற்பது எதுவும் கூடாது. மெஸ்கலின் வணிக அளவில் பிடிபட்டால் 22ஆம் பிரிவின்படி 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். குற்ற நோக்கம் இருந்ததாகவே நீதிமன்றம் கருதும் என்கிறது 35ஆம் பிரிவு. இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் மகன் மேல் விழும். விற்றவரோடு போதையைப் பற்றி வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அதுவே மகனுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

வெளிநாட்டுப் பார்சலில் வந்திருந்தால் சிக்கல் வேறு. செடிக்கும் விதைக்கும் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் கள்ளிக் குடும்பம் இருப்பதால், செடிக்கு அதன் அனுமதியும் தேவை.

வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள். பில்லோ அனுமதியோ இல்லையென்றால், அடுத்த செடி வாங்கும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். ஆசைக்கு வளர்க்க வேறு கள்ளிகள் ஏராளம் இருக்கின்றன. இதை விட்டுவிடுவதே நல்லது என்று மகனிடம் அமைதியாகப் பேசுங்கள்.