குருத்தணு

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே கடலை அடுத்துள்ள ஊர் இராஜாக்கமங்கலம். அவ்வூர்ச் சிறுவர்க்குத் தென்னையைப் பற்றிப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மரத்தின் உச்சியில் வெண்மையும் மென்மையுமாய் மறைந்திருக்கும் குருத்து ஒன்றே. ஓலையும் பாளையும் அங்கிருந்தே தோன்றுகின்றன. காண்டாமிருக வண்டு அக்குருத்தை முற்றும் குடைந்து அழித்துவிடின், அடிமரம் எத்துணைப் பருத்திருப்பினும் பட்டுப்போகும். மற்றொன்றும் அவர்கள் அறிவர்: விரிந்த ஓலை விரிந்ததே, அது மீண்டும் குருத்தாவதில்லை.

மனித உடலின் இயல்பும் ஏறத்தாழ இத்தகையதே. கருவின் தொடக்கத்தில் உள்ள அணுக்கள் எவ்வுறுப்பின் அணுவாகவும் மாறவல்லன. இவற்றைக் குருத்தணுக்கள் என்பர். இவை பல்கிப் பெருகித் தோலணுவாகவும் குருதியணுவாகவும் நரம்பணுவாகவும் வேறுபடுகின்றன. வேறுபட்ட அணு பழைய நிலைக்கு மீளாது என்றே அறிஞர் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1962-இல் ஜான் கர்டன் என்னும் ஆங்கில அறிஞர், தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்த உட்கருவைத் தவளை முட்டையில் இட்டுப் புதிய தலைப்பிரட்டைகளை வளர்த்தார். அக்கருத்து அன்றே ஆட்டங்கண்டது. 2006-இல் ஜப்பானிய அறிஞர் சின்யா யமனாகா, எலியின் தோலணுவினுள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதனைக் குருத்தணுவாக்கினார். மறு ஆண்டே மனிதத் தோலணுவிலும் அது கைகூடிற்று. விரிந்த ஓலை குருத்தாயிற்று! இருவரும் 2012-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதனால் விளையும் பயன் யாது? ஒரு நோயை எடுத்துக்கொண்டு காண்போம். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழறலும், நாளடைவில் விழுங்குதற்கே இடர்ப்பாடும் உண்டாக்கும் நோய்கள் சில உள்ளன. சிறுமூளையின் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக மடிவதால் விளைவன இவை. அந்நடையைக் கண்டு குடிகாரர் என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்பு நோயினும் கொடிது. இந்நோய்களுள் முதல் வகை எனப்படுவது தமிழ்நாட்டின் சிற்றூர்ப்புறத்து ஒரு சமூகத்தாரிடையே மிகுதியாகக் காணப்படுவதை மருத்துவர் சிலர் 2005-இல் எழுதி வெளியிட்டனர். இதற்குரிய மரபணுவை ஹுடா சோக்பி அம்மையாரும் ஹாரி ஆர் என்பாரும் அமெரிக்காவில் 1993-இல் கண்டறிந்தனர். மரபணுவில் சி, ஏ, ஜி என்னும் மூன்றெழுத்து அடுத்தடுத்து மீண்டும் மீண்டும் வருவதுண்டு. அவ்வடுக்கு ஏறக்குறைய 35 வரை இருப்பின் தீங்கில்லை. 39-க்கு மேற்படின் நோய். பெற்றோருள் ஒருவர்க்கு இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. அண்ணனுக்கு வந்துவிட்டமையால் தம்பி தப்புவான் என்பதில்லை. தலைமுறைதோறும் அடுக்கு நீள்வதும், நீளநீள இளமையிலேயே நோய் தலைகாட்டுவதும் உண்டு.

காரணம் தெரிந்தும் நோயின் போக்கு விளங்கவில்லை. குருதியை ஊசியால் எடுத்துப் பார்க்கலாம். உயிரோடிருப்பவரின் சிறுமூளையை வெட்டிப் பார்த்தல் இயலுமோ? இறந்தபின் ஆராய்தலோ, எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைக் கிளறித் தீ எம்மூலையில் பற்றியது என்று தேடுதலை ஒக்கும்.

இங்கேதான் குருத்தணு துணைபுரிகின்றது. நோயாளியின் தோலணுவையோ குருதியணுவையோ குருத்தணுவாக்கி, அதனை நரம்பணுவாக வளர்த்தால், அவருக்கே உரிய மரபணுவோடு கூடிய நரம்பணு கண்ணாடிக் கலத்தில் கிடைக்கும். தீ பற்றுவதற்கு முன்னரே வீட்டைக் காணலாம். தில்லியில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தார், இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் பன்னிரண்டாம் வகைத் தள்ளாட்ட நோயினர் மூவரின் அணுக்களைக் குருத்தணுக்களாக்கி 2018-இல் வெளியிட்டனர். பெங்களூரிலும் மூளை மறதி நோய், மனநோய் ஆகியன பரம்பரையாகத் தொடரும் குடும்பத்தாரின் குருதியைக் கொண்டு இத்தகைய ஆராய்ச்சி நடைபெறுகின்றது. அவ்வடுக்கை மட்டும் திருத்திய அணுவையும் திருத்தாத அணுவையும் அருகருகே வளர்த்து ஒப்பிடும் முறையும் உண்டு. இரண்டும் ஒருவருடையனவே ஆதலின், காணும் வேற்றுமை அவ்வடுக்கினால் விளைந்ததே என்று துணியலாம்.

குறை இல்லாமலும் இல்லை. குருத்தணுவாக்கும்போது அணுவின் முதுமையும் அழிந்துபோகின்றது. நாற்பதாம் அகவையில் தோன்றும் நோயைச் சில திங்களே வயதுள்ள அணுவில் தேடுதல் எளிதன்று.

இவை யாவும் ஆராய்ச்சியே, மருத்துவம் அன்று. குருத்தணு ஊசியால் நரம்பு நோயைத் தீர்ப்போம் என்று விளம்பரம் செய்து, நகையையும் நிலத்தையும் விற்கச் செய்வோர் உளர். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சில குருதி நோய்கள் போன்றவை நீங்கலாகப் பிறவற்றிற்குக் குருத்தணுவைக் கையாளுதல், ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யத்தக்கது. அவ்வாய்வில் பங்குபெறுவோரிடம் பொருள் பெறுதலும் கூடாது.

தமக்கு மருந்து கிடைக்குமுன் தம் காலம் முடியலாம் என்று அறிந்தே நோயாளிகள் குருதி அளிக்கின்றனர். பிள்ளைகளிடம் கேளாமல் அவர்கள் மரபணுவைச் சோதிப்பதில்லை. சிறாராயின், அவர்கள் வளர்ந்து தாமே முடிவு செய்யும்வரை சோதனையை ஒத்திவைப்பதே மருத்துவர் வழக்கம். அளித்த குருதியினின்று வளர்த்த அணுக்கள் நீர்மநிலை நைட்ரஜனில், உறைநிலைக்குக் கீழ் 196 பாகையில் வைக்கப்படுகின்றன. அளித்தவர் மறைந்து பல்லாண்டு சென்ற பின்னரும் அவற்றை எடுத்து வளர்க்கலாம்.